பவுடர் தட்டிய பருத்திக் காட்டை இனி என்ன செய்வது?

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் கரிசல் காடு இருக்கிறது. பெரியப்பா காலம் முழுக்க அதில் பருத்திதான். விடிந்தும் விடியாத நேரத்தில், இலையில் பனி காயும் முன்பு, பழைய வேட்டித் துணியில் பி.எச்.சி. என்ற பூச்சிமருந்துப் பவுடரைக் கொட்டி முடிச்சுப் போட்டுக்கொள்வார். ஒரு கையில் முடிச்சு, மறு கையில் குச்சி. தட்டிக்கொண்டே வரிசை வரிசையாக நடப்பார். ஈரம் இருந்தால்தான் பவுடர் இலையில் நிற்கும் என்பது அவர் கணக்கு. வீடு திரும்பும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். அந்தப் பூஞ்சை வாடை மதியம் வரை அவர் மேலிருந்து போகாது.

இப்போது அந்தக் காட்டைப் பெரியப்பா மகன் கையில் எடுத்திருக்கிறான். ரசாயனம் இல்லாத விவசாயம், நாற்பது நாட்டுக்கோழி, இரண்டு பசு, வரப்போரம் பூசணியும் சுரையும் என்று திட்டம். மண்ணில் பழைய மருந்து கிடக்குமே என்று கேட்டேன்.

"அதெல்லாம் நிறுத்தி முப்பது வருஷம் ஆச்சுண்ணே. இன்னுமா இருக்கும்?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. ஊர் ஊராக இதே நிலையில் இருப்பவர்கள் ஏராளம். பழைய பருத்திக் காட்டையோ கடலைக் காட்டையோ வாங்கி, அல்லது குத்தகைக்கு எடுத்து, இயற்கை விவசாயம் தொடங்குகிறவர்கள் முன்னால் பல வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் நானும் தம்பியும் எடைபோட்டுப் பார்த்தோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்ணைச் சுத்தம் செய்கிறேன் என்று பணத்தைக் கொட்ட வேண்டாம். ஒரு நல்ல பரிசோதனைக்குச் செலவழியுங்கள். அப்புறம் மண்ணில் இருப்பது எந்த வழியாக வெளியே வரும் என்று பார்த்து, பயிரையும் கால்நடையையும் அதற்கேற்ப மாற்றுங்கள்.

முப்பது வருஷத்தில் என்ன ஆகியிருக்கும்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பி.எச்.சி. பத்து சதவீதப் பவுடரை ஏக்கருக்குப் பத்துக் கிலோ போடுவது அன்றைய வழக்கம். அதில் மருந்து ஒரு கிலோ. ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை ஏறக்குறைய 800 டன். அந்த ஒரு கிலோ முழுவதும் மண்ணில் விழுந்து கலந்தால், ஒவ்வொரு கிலோ மண்ணிலும் ஒன்றேகால் மில்லிகிராம். இது ஒரே ஒரு தடவைக்கு. பெரியப்பா ஒரு பருவத்தில் எத்தனை தடவை தட்டினார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அது எங்கே போனது என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு பதில் உண்டு. 1980களின் கடைசியில் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் ஜப்பானின் எகிமே பல்கலைக்கழகமும் சேர்ந்து, வெள்ளாற்றுப் படுகையில் நெல் வயலுக்குப் போட்ட பி.எச்.சி. எங்கெல்லாம் போகிறது என்று தேடினார்கள். காற்று, ஆற்று நீர், வண்டல், வயல் மண் எல்லாவற்றிலும் அளந்தார்கள். 1991-ல் வெளிவந்த கணக்கு இது: போட்டதில் 99.6 சதவீதம் காற்றோடு போய்விட்டது. ஆற்றுக்கு வடிந்தது 0.4 சதவீதம். அதிலும் பெரும்பகுதி முகத்துவாரத்திலேயே ஆவியாகி, கடலைத் தொட்டது 0.1 சதவீதத்துக்கும் குறைவு. நம் வெயிலும் தேங்கிய நீரும் சேர்ந்து அதை மண்ணிலிருந்து கிளப்பிவிட்டன. கிளம்பியது அழிந்துவிட்டதாக அர்த்தமில்லை. இப்படிச் சூடான நாடுகளில் ஆவியானது குளிர்ந்த நாடுகளில் இறங்கித்தான் வடதுருவத்துக் கடல் வரை போய்ச் சேர்ந்தது.

அப்படியென்றால் தம்பி சொன்னது சரிதானா? பாதி சரி. வெள்ளாற்றுக் கணக்கு தண்ணீர் நிற்கும் நெல் வயலுக்கு. கரிசல் புஞ்சை வேறு. காய்ந்த களிமண் இந்த மருந்துகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஈரம் பட்டால்தான் பிடி தளரும். இன்னொன்று, கரிசல் கோடையில் வெடிக்கும். கையை முழங்கை வரை விடலாம், அவ்வளவு ஆழமான பிளவு. மேல்மண் உதிர்ந்து அந்த வெடிப்புக்குள் விழும், மழை வந்ததும் வாய் மூடிக்கொள்ளும். மேலே தட்டிய பவுடர் இப்படித்தான் வருஷா வருஷம் கீழே இறங்குகிறது. அங்கே வெயிலும் இல்லை, காற்றும் குறைவு.

பி.எச்.சி. என்பதும் ஒரே பொருள் அல்ல. ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா என்று நாலைந்து வடிவங்களின் கலவை. பூச்சியைக் கொல்வது காமா. அது மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம்தான். மூன்றில் இரண்டு பங்கு ஆல்பா. இவை இரண்டும் ஆவியாகும், நுண்ணுயிர்களும் தின்னும். 5 முதல் 12 சதவீதம் வரை இருக்கும் பீட்டாதான் பிடிவாதக்காரன். எளிதில் ஆவியாகாது, உடையாது, கொழுப்பில் போய்த் தங்கும். இந்தியாவில் பி.எச்.சி. 1997 ஏப்ரலில் நின்றது. இன்று பழைய காட்டில் எஞ்சியிருந்தால் அது பெரும்பாலும் பீட்டாவாகத்தான் இருக்கும்.

டி.டி.டி. (DDT) கதை வேறு. விவசாயத்தில் அதை 1989-லேயே நிறுத்தியாகிவிட்டது. கொசு ஒழிப்புக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். காற்றோட்டமுள்ள மண்ணில் அது டி.டி.இ. (DDE) ஆக மாறும், நீர் தேங்கிய மண்ணில் DDD என்று எழுதப்படும் இன்னொரு வாரிசாக மாறும். டி.டி.இ. தாயைவிடக் கெட்டி. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் தடை செய்தது. அது மண்ணில் எண்டோசல்பான் சல்பேட் ஆகிறது. சல்பேட்டும் நச்சுத்தான், தாயைவிட அதிக நாள் நிற்கும். கரையானுக்கும் வேர்ப்புழுவுக்கும் ஆல்ட்ரின் பவுடரை மண்ணிலேயே கலந்தவர்கள் காட்டில் டீல்ட்ரினைத் தேட வேண்டும். ஆல்ட்ரின் மண்ணுக்குள் அப்படித்தான் உருமாறும்.

ஆகவே பெரியப்பா வாங்கிய பெயரை மட்டும் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அது பெற்ற பிள்ளையைத் தேட வேண்டும்.

தெரிந்துகொள்ள மூன்று வழிகள்

முதல் வழி, நாட்காட்டியை நம்புவது. இயற்கை விவசாயச் சான்று இப்படித்தான் நடக்கிறது. தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தில் ஒருபருவப் பயிருக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு, பல்லாண்டுப் பயிருக்கு மூன்று ஆண்டு மாற்றக் காலம். இன்றைய மருந்துகளில் பலவற்றுக்கு இது போதும். அவை வாரங்களிலோ மாதங்களிலோ உடைந்துவிடும். டி.டி.இ.-க்கும் பீட்டாவுக்கும் டீல்ட்ரினுக்கும் இரண்டு ஆண்டு என்பது ஒரு கணக்கே இல்லை. சான்று கிடைத்ததால் மண்ணில் பழையது எதுவும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அந்த விதி விவசாயியின் நடத்தையை அளக்கிறது, மண்ணை அல்ல. செலவில்லாத வழி என்பதால் பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். தானியமும் மிளகாயும் மட்டும் போடுகிறவர்கள் நின்றாலும் பெரிய பாதகமில்லை. கோழியும் பசுவும் கொடிக்காயும் வைப்பவர்கள் நிற்கக் கூடாது.

இரண்டாம் வழி, விளைச்சலைச் சோதிப்பது. சந்தைக்கு அனுப்ப எப்படியும் இது தேவைப்படும். உணவுக்கு வரம்புகள் இருக்கின்றன, அதனால் வந்த எண்ணுக்கு அர்த்தம் தெரியும். குறை என்னவென்றால், ஒரு பயிருக்கான பதில் அடுத்த பயிருக்கு உதவாது. தக்காளி சுத்தமாக வந்தது என்று வைத்து அதே பாத்தியில் வெள்ளரி போட்டு ஏமாந்துவிடலாம். காய் வந்த பிறகுதான் பதில் வரும் என்பது அடுத்த கஷ்டம். ஒரு பருவ உழைப்பு போய்விடும்.

மூன்றாவது, மண்ணைச் சோதிப்பது. நான் சொல்வது இதைத்தான். ஆனால் இங்கேதான் குழப்பமும் அதிகம். மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோனால் மண்வள அட்டை தருவார்கள். அதில் 12 அளவீடுகள்: தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், நுண்ணூட்டங்கள், கார அமில நிலை, உப்பு, அங்ககக் கரிமம். மருந்து எச்சம் அதில் கிடையாது. மாவட்டங்களில் உள்ள அரசின் பூச்சிமருந்துப் பரிசோதனை நிலையங்களோ, கடையில் விற்கும் மருந்து தரமானதா, போலியா என்று பார்ப்பவை. பெயரைக் கேட்டுவிட்டு மண்ணைத் தூக்கிக்கொண்டு போய் ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவைப்படுவது எச்சப் பகுப்பாய்வு ஆய்வகம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சிக்கொல்லி நச்சியல் ஆய்வகம் உண்டு. அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களும் இருக்கின்றன. ஒரு மாதிரிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும்.

எங்களுக்கே முதல் தடவை பிசகியது. ஒரு தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். திரும்பி வந்த தாளில் "பூச்சிக்கொல்லி எச்சம்: கண்டறியப்படவில்லை" என்று ஒரே வரி. எதைத் தேடினார்கள், எந்த அளவு வரை அவர்கள் கருவி பார்க்கும் என்று ஒன்றுமில்லை. போன் போட்டுக் கேட்டால், இன்று புழக்கத்தில் உள்ள மருந்துகளின் பட்டியலை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். டி.டி.இ. அந்தப் பட்டியலிலேயே இல்லை. காசு போனது பெரிதல்ல. தம்பி அந்தத் தாளை நம்பிக் கோழிக்குக் கூண்டு கட்டத் தொடங்கியிருந்தான்.

இரண்டாம் தடவை எழுத்தில் கேட்டோம். ஹெச்.சி.ஹெச். (பி.எச்.சி.-க்கு இன்னொரு பெயர்) நான்கு வடிவமும் தனித்தனியாக வேண்டும். டி.டி.டி.-யும் அதன் வழி வந்தவையும், ஆர்த்தோ பாரா, பாரா பாரா என்ற இரண்டு அமைப்பு வகையிலும் வேண்டும். எண்டோசல்பானின் இரண்டு வடிவமும் சல்பேட்டும், ஆல்ட்ரினோடு டீல்ட்ரினும். ஒவ்வொன்றுக்கும் அளவிடக்கூடிய குறைந்த எல்லை எவ்வளவு என்பதும் தாளில் இருக்க வேண்டும். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வரை பார்க்க முடிகிற இடமாகத் தேடினோம்.

தனித்தனியாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அந்த எண்களின் விகிதம்தான் கதையைச் சொல்லும். டி.டி.இ. அதிகம், டி.டி.டி. குறைவு என்றால் சரக்கு பழையது, மண் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. டி.டி.டி. அதிகம் என்றால் சமீபத்தில் எங்கிருந்தோ வந்திருக்கிறது. ஆர்த்தோ பாரா வகை தூக்கலாக இருந்தால் சிலந்திப்பேனுக்கு அடித்து வந்த டைக்கோபாலைச் சந்தேகிக்கலாம், அது டி.டி.டி.-யிலிருந்து செய்யப்பட்டது, மிச்சம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். ஆல்பா காமாவைவிட நாலைந்து மடங்கு என்றால் பழைய பி.எச்.சி. காமா மட்டும் என்றால், காமாவைத் தனியாகப் பிரித்து விற்ற லிண்டேன். அது 2013 வரை நம் நாட்டில் புழங்கியது. பீட்டா மட்டும் மிஞ்சியிருந்தால் மற்றவை போய்விட்டன, இது வண்டல் போலத் தங்கிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

மாதிரி எடுப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் வளைந்து வளைந்து நடந்து எடுத்து, நன்றாகக் கலந்து, நாலு பங்காக்கி எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை குறைக்கும் வழக்கமான முறையே போதும். கரிசலில் 0–15 சென்டிமீட்டர் ஒன்று, 15–30 ஒன்று என்று இரண்டு எடுக்க வேண்டும். வெடிப்புக் காரணத்தை முன்பே சொன்னேன். பிளாஸ்டிக் பை வேண்டாம், கண்ணாடி ஜாடி நல்லது. வெயிலில் காயப் போடவே கூடாது, தேடுவது ஆவியாகிவிடும்.

அப்புறம் முக்கியமானது, மருந்து கலக்கிய இடத்தைத் தனியாக எடுப்பது. ஒவ்வொரு காட்டிலும் அப்படி ஓர் இடம் இருக்கும். எங்கள் காட்டில் கிணற்று மேட்டில் கல்தொட்டிக்குப் பக்கம். அங்கேதான் மூட்டை பிரிப்பார்கள், ஸ்பிரேயர் கழுவுவார்கள், காலி டப்பாவைப் போடுவார்கள். அந்த மண்ணைக் காட்டு மண்ணோடு கலந்தால் இரண்டு பதிலும் கெட்டுப்போகும். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் சரியான இடத்தைக் காட்டுவார்கள். எங்களுக்குப் பெரியம்மாதான் காட்டினார். "இங்கனதான் உங்க பெரியப்பா கை கழுவுவாரு, ஒரு புல்லுகூட மொளைக்காது" என்றார்.

இரண்டாம் தாளில் காட்டு மண்ணில் டி.டி.இ.-யும் பீட்டாவும் கருவியின் எல்லையை ஒட்டி வந்தன. கிணற்று மேட்டில் நன்றாகவே தெரிந்தன.

அந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? நாட்டுக்கு நாடு மாறும். சீனாவின் 2018 விவசாய மண் தரத்தில் மொத்த ஹெச்.சி.ஹெச்.-க்கும் மொத்த டி.டி.டி.-க்கும் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். கனடாவில் டி.டி.டி.-க்கு 0.7. ஏழு மடங்கு வித்தியாசம். அதனால் வரம்புக்குக் கீழே, மேலே என்று பார்ப்பதோடு நிற்காமல், அந்த மண்ணில் எதை வைக்கப்போகிறோம் என்று கேட்க வேண்டும்.

மார்த்தினிக் கற்றுக்கொண்டது

இதை உலகிலேயே அதிக விலை கொடுத்துக் கற்றுக்கொண்டவர்கள் கரீபியன் கடலில் இருக்கும் மார்த்தினிக், குவாதலூப் தீவுக்காரர்கள். வாழைக் கூன்வண்டுக்கு 1972 முதல் 1993 வரை குளோர்டெகோன் என்ற மருந்தைத் தூரில் போட்டார்கள். அது மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கக்கூடியது. இன்று அந்தத் தீவுகளில் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரத்தத்தில் அது இருக்கிறது. நம்மவர்களும் அதில் உண்டு. 1850களில் தொடங்கி புதுச்சேரி, காரைக்கால், சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வாரிசுகள் அங்கே இருக்கிறார்கள். குழம்பு அங்கே கொலம்போ ஆகிவிட்டது. குவாதலூப்பின் கப்பேஸ்தேர் ஊரில் அவர்கள் கட்டிய பெரிய கோயில் இருக்கிறது. அந்த ஊர் வாழைத் தோட்டங்களின் நடுவே, மாசு அதிகமுள்ள பகுதியில்தான் இருக்கிறது.

அவர்கள் மண்ணைத் தோண்டிக் கொட்டவில்லை. மண்ணைச் சோதித்து, எண்ணைப் பார்த்துப் பயிரைப் பிரித்தார்கள். கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் எதையும் போடலாம். அதற்கு மேல் 1 வரை என்றால் சேப்பங்கிழங்கு, பெருவள்ளி, சர்க்கரைவள்ளி போன்ற கிழங்குகள் வேண்டாம். 1-க்கும் மேல் என்றால் வெள்ளரி, பூசணிக் குடும்பமும் வேண்டாம். மரப் பழங்கள், வாழை, தக்காளி, கத்தரி வைக்கலாம். வாழைத் தூரில் கொட்டிய மருந்து வாழைப் பழத்தில் வரவில்லை, பக்கத்தில் போட்ட கிழங்கில் வந்தது என்பதை அவர்கள் அளந்துதான் கண்டார்கள். இன்னொன்றும் தெரிந்தது. அங்குள்ள ஒருவகை எரிமலை மண்ணில் மருந்து மிக அதிகம், ஆனால் மண் அதை இறுக்கிப் பிடிப்பதால் பயிருக்கு ஏறியது குறைவு. மண்ணில் இருப்பது ஓர் எண், பயிருக்குப் போவது இன்னோர் எண்.

இந்த எண்களை நம் டி.டி.இ.-க்கோ பீட்டாவுக்கோ அப்படியே போட முடியாது. மருந்து வேறு, மண் வேறு. முறையை எடுத்துக்கொள்ளலாம்.

தெரிந்தபின் என்ன செய்வது

சுத்தம் செய்யும் வழிகளைப் பார்ப்போம். மேல்மண்ணை வழித்து எடுப்பது ஒன்று. ஏக்கருக்கு 800 டன். பத்து டன் ஏற்றும் டிப்பரில் எண்பது நடை. கொட்ட இடம் வேண்டும், கொட்டிய இடம் யாருடையதோ அவருக்குத் தொல்லை. ஆயிரக்கணக்கான வருஷத்தில் உருவான மண் போய்விடும். முழுக் காட்டுக்கு இது வேண்டவே வேண்டாம்.

ஆழ உழுது கலப்பது சுலபம். 15 சென்டிமீட்டரில் இருப்பதை 30-க்குப் பரப்பினால் செறிவு பாதியாகும், எண் அழகாகும். மொத்தம் குறையாது. கீழே போனது இன்னும் மெதுவாக உடையும்.

கண்மாய்க் கரம்பையை அடித்து மேலே பரப்பலாமே என்று தம்பி கேட்டான். கரம்பை மண்ணுக்கு நல்லதுதான், களி அதிகம் என்பதால் மருந்தைப் பிடித்தும் வைக்கும். ஆனால் கண்மாய் வண்டல் எங்கிருந்து வந்தது? சுற்றியிருந்த பருத்திக் காடுகளின் மேல்மண் மழையில் அடித்து வந்து சேர்ந்ததுதான். டி.டி.டி. வகையெல்லாம் தண்ணீரில் கரையாமல் மண் துகளில் ஒட்டிக்கொண்டு போகிறவை. கரம்பை அடிக்கும் முன் அதிலும் ஒரு மாதிரி எடுத்துப் பாருங்கள்.

நீர் தேக்கி, தக்கைப்பூண்டோ கொளுஞ்சியோ மடக்கி உழுது அழுக விடுவது உண்மையிலேயே வேலை செய்யும் வழி. காற்றில்லாத சேற்றில் காமாவும் ஆல்பாவும் வேகமாக உடைகின்றன. கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். டெல்டா விவசாயிக்கு இது கூடுதல் செலவே இல்லாத வழி, நெல் போடும்போதே நடந்துவிடும். மானாவாரிக் கரிசலுக்கு எட்டாது. பீட்டாவும் டீல்ட்ரினும் இதற்கும் அவ்வளவு எளிதில் மசியாது.

நுண்ணுயிர் என்றால், ஹெச்.சி.ஹெச்.-சைத் தின்னும் ஸ்பிங்கோபியம் என்ற பாக்டீரியாவை உத்தரப் பிரதேசத்தின் கரும்பு மண்ணிலிருந்தே பிரித்தெடுத்தார்கள், லக்னோ அருகே கழிவு கொட்டிய இடத்தில் சோதித்தும் பார்த்தார்கள். அது கழிவு குவிந்து கிடக்கும் இடத்துக்கான வைத்தியம். கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் பரவிக் கிடக்கும் காட்டில் அதற்குத் தீனியே போதாது. "மண் விஷ முறிவு" என்று பாட்டிலில் விற்பவர்களிடம், போடும் முன்னும் பின்னும் எடுத்த எச்சப் பரிசோதனைத் தாளைக் கேளுங்கள். தொழுவுரமும் ஜீவாமிர்தமும் மண்ணுக்கு நல்லவை, அங்ககப் பொருள் கூடினால் மருந்து பயிருக்கு ஏறுவதும் குறையலாம். அவை டி.டி.இ.-யை அழித்துவிடும் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

பிடித்து வைக்கும் வழிகளில் கரி எனக்குப் பிடித்தது. நன்றாகச் சுட்ட கரித்தூள் இந்த மருந்துகளை உறிஞ்சிக்கொள்ளும். செயலூட்டிய கரி கலந்த மண்ணில் வளர்த்த வெள்ளரியில் டீல்ட்ரின் குறைந்ததை சுவிட்சர்லாந்தில் பார்த்திருக்கிறார்கள். மூன்று ஏக்கருக்குக் கரி வாங்கக் கட்டாது. ஒரு பாத்தி, ஒரு மூலைக்குக் கட்டும். ஜப்பானில் வெள்ளரியை வேறு வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி டீல்ட்ரினைக் குறைத்தார்கள். ஏற்றுவதும் தடுப்பதும் வேர்தான் என்பது அதிலிருந்து தெரிகிறது.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் பயன்பாட்டை மாற்றுவதற்கு வந்தோம். பயிர்களில் கவலைப்பட வேண்டியவை மண்ணுக்குள் விளைபவையும் பூசணிக் குடும்பமும். பூசணி வகை வேர்கள் மற்றப் பயிர்கள் தொடாத டி.டி.இ.-யையும் டீல்ட்ரினையும் இழுத்துக் காய் வரை கொண்டுபோகின்றன. வகைக்கு வகை இது மாறும். சீமைச் சுரைக்காய் என்கிற சுக்கினிதான் இதில் மிக மோசம். கேரட்டில் தோலோடு நிற்கும், சீவினால் பெரும்பகுதி போகும். நிலக்கடலை மண்ணுக்குள் காய்ப்பதும் எண்ணெய்ச் சத்துள்ளதும் என்பதால் சோதிக்காமல் போடக் கூடாது. சோளம், கம்பு, மிளகாய், தக்காளி, கத்தரி, மரப்பயிர் இவற்றில் மண் ஒட்டாமல் அறுவடை செய்தால் பயம் குறைவு.

பயிரைவிடக் கோழிதான் எனக்கு நிஜமான கவலை. திறந்து மேயும் கோழி புல் குறைந்த தரையில் ஒரு நாளில் இருபது கிராம் வரை மண்ணை விழுங்கிவிடும். கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் உள்ள மண் என்றால் தினம் இரண்டு மைக்ரோகிராம். கொழுப்பில் கரைவதைக் கோழி வெளியேற்றும் முக்கிய வழி முட்டையின் மஞ்சள் கரு. அந்த முட்டை வீட்டுப் பிள்ளைக்குத்தான் முதலில் போகும். வேர் வழியாக ஏறுவதற்கு எத்தனையோ தடை உண்டு. மண்ணையே தின்னும் பிராணிக்கு ஒரு தடையும் கிடையாது. பசுவும் அப்படித்தான். கட்டிப் போட்டு, புல்லை அடியோடு மேயும்போது மண் உள்ளே போய்ப் பால் கொழுப்பில் வரும். அறுத்துப் போட்ட தீவனத்தை மண் உதறித் தொட்டியில் வைத்தால் பெருமளவு தவிர்த்துவிடலாம். மார்த்தினிக், குவாதலூப்பில் மாடுகளைச் சுத்தமான தரைக்கு மாற்றி, உடம்பு வெளியேற்றும் வரை காத்திருந்து விற்கிறார்கள்.

எங்கள் காட்டு எண்ணுக்கு நாங்கள் செய்தது இவ்வளவுதான். காடு முழுக்கச் சோளமும் உளுந்தும், ஓர் ஓரம் மிளகாய். கொடிக்காய் இந்த வருஷம் ஒரு பாத்தி மட்டும் போட்டு, முதல் காயைச் சோதனைக்கு அனுப்பிவிட்டுத்தான் அடுத்த முடிவு. கோழிக்கூண்டு கிணற்று மேட்டிலிருந்து எதிர்க் கோடிக்குப் போய்விட்டது. அதற்குக் கீழே, பருத்தி பார்க்காத ஓடைச் செம்மண்ணை, அதையும் சோதித்துவிட்டு, ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, கோழி வெளியே தாண்டாமல் வலை கட்டியிருக்கிறான். பசு கொட்டிலோடு.

கிணற்று மேடு பத்தடிக்குப் பத்தடி இடம். அதன் மண்ணை வெளியே எடுக்கவில்லை. கரித்தூளைக் கொத்திக் கலந்து, மழைத் தண்ணீர் கிணற்றுக்குள் வழியாமல் சுற்றிலும் மேடு கட்டி, முள்வேலி போட்டு, நடுவில் இரண்டு புங்கங் கன்று வைத்தோம். ஆனியில் ஒன்று பட்டுப்போனது. மற்றது துளிர்விட்டிருக்கிறது என்று பெரியம்மா போனில் சொன்னார். கிணற்றுத் தண்ணீர் மாதிரி அடுத்த வாரம் கோவைக்குப் போகிறது.